பையில் கிடந்த இரண்டு ஆணிகள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், மாசி பிறந்த முதல் வாரத்தில், திண்டிவனத்தில் ஒரு மரச்சாமான் கடையில் தொடங்கியது இது. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் முடிந்தது என்று சொல்லலாம். முடிந்துவிட்டதா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

எனக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. பள்ளிக்கூடத்தை இரண்டாம் வகுப்போடு விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதை நானே எழுதுகிறேன், பதினைந்து நாளாக. பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். சொல்லச் சொல்ல எழுதித் தர ஆள் இருக்கிறது. ஆனால் செய்தது நான், எழுதுவதும் நானாகத்தான் இருக்க வேண்டும்.

பிரம்மதேசத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. சொந்தக் கொல்லை, சொந்தக் கிணறு. கணவர் போய் வெகுகாலம் ஆகிறது. யாரிடமும் போய் நின்றவள் இல்லை நான். எனக்குப் பிள்ளை இல்லை. தங்கை செத்தபோது அவள் பெண்ணுக்கு ஒன்பது வயசு. அழைத்துவந்து வளர்த்தேன், படிக்க வைத்தேன், விழுப்புரத்தில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தேன். அங்கேயே ஓர் ஆபீஸில் வேலையும் பார்க்கிறாள். அவள் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அந்த வார்த்தையில் பின்பாதி மட்டும்தான் என் காதில் விழும்.

அவளுக்குத் தலைப்பிரசவம் என் வீட்டில்தான். ஆண் குழந்தை. மூன்று மாசம் கழித்துப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது பிறந்த வீட்டிலிருந்து தொட்டில் சீர் கொண்டுபோக வேண்டும். கூடப்பிறந்தவன் இல்லாத பெண், அவள் பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லை. அப்படியென்றால் அந்தச் சீர் என் தலையில். அதைச் சுமை என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தது போல இருந்தது.

என்ன வாங்க வேண்டும் என்று அவள் முன்கூட்டியே சொன்னாள். எங்கள் ஊருக்கு வருகிற நர்ஸம்மா அவளுக்கு ஏதேதோ சொல்லிக்கொடுத்திருந்தார்.

“பெரிம்மா, ஆடுறது வேணாம். கட்டில் மாதிரி நாலு காலோட நிக்கும் பாரு, அத வாங்கு. கம்பிக்கு நடுவுல மூணு வெரலுக்கு மேல போவக் கூடாது. மெத்த கெட்டியா இருக்கணும். தலகாணி வேணாம்.”

“மூணு வெரல் போவாத இருக்கிறதுக்கு அது இன்னா எலிக்கூண்டா?” என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரித்தபடியே அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஏனென்றால் என் மனசில் வேறு கணக்கு. அவள் ஓரகத்திக்குப் பிறந்த வீட்டார் தேக்கில் தொட்டில் கொண்டுவந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சம்பந்தியம்மாள் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது நான் ஆடாத ஒரு கம்பிக் கட்டிலைக் கொண்டுபோய் வைப்பதா? பிள்ளை பெறாதவளுக்குத் தொட்டில் வாங்க எங்கே தெரியும் என்று யாராவது முணுமுணுத்தால்?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குழந்தை இல்லாத தொட்டிலை ஆட்ட மாட்டோம். ஆட்டினால் குழந்தைக்கு வயிற்றுவலி வரும் என்பார்கள் சிலர். அந்த வீட்டில் தொட்டில் காலியாகவே போய்விடும் என்பார்கள் சிலர். நான் கல்யாணமாகி வந்த புதிதில், நாத்தனார் குழந்தைக்குப் புடவையில் கட்டியிருந்த ஏணை காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் அதை ஒரு தள்ளு தள்ளினேன். விளையாட்டுத்தான். அப்புறம் எனக்கு ஒன்றும் தங்காமல் போனபோது, சாகிறவரைக்கும் என் மாமியார் அந்த ஒரு தள்ளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை நம்பினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு காலித் தொட்டில் பக்கம் என் கை போனதே இல்லை.

திண்டிவனத்துக் கடைக்காரருக்கு நாற்பது வயசிருக்கும். பொறுமையான மனுஷர். கொழந்தைக்கு எத்தினி மாசம், வீட்டில் மேலே கொக்கி இருக்குதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, வெள்ளைப் பெயின்ட் அடித்த ஒரு கட்டிலைக் காட்டினார். நாலு கால், சுற்றிலும் நெருக்கமாகக் கம்பி. என் பெண் கேட்டதேதான் அது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

“இன்னாய்யா இது, ஜெயிலு மாதிரி கீது?”

“இப்ப டவுன்ல எல்லாம் இதத்தான் ஆயா வாங்கினு போறாங்க. கொழந்த பொரண்டாலும் ஒரு பேஜாரும் இல்ல.”

என் கண் அதில் நிற்கவில்லை. பின்னால் இன்னொன்று இருந்தது. இரண்டு தூண் வைத்த தாங்கி, நடுவில் படகு மாதிரி தொட்டில், இரண்டு தலைமாட்டிலும் கிளி செதுக்கியிருந்தது. தேன் நிறம். “அத எறக்கு” என்றேன்.

இறக்கி வைத்தார். “ஆட்டிக் காட்டறேன் ஆயா, நல்லா பாத்துக்கங்க” என்று அதன்மேல் கை வைத்தார்.

நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. “கைய எடுய்யா! காலித் தொட்டில ஆட்டறியே, உனுக்குப் புள்ளகுட்டி இல்ல?”

அவர் சுட்டுக்கொண்டவர் போலக் கையை எடுத்தார். “இல்ல ஆயா, ஆடாம நிறுத்தறது எப்படின்னு காட்டலாம்னுதான்…”

“ஆட்டறத விட்டா அது தானா நிக்கும். இதுக்கு ஒரு படிப்பு வேணுமா?”

அவரும் பாவம், அதற்குமேல் வாதாடவில்லை. பில் போட்டபிறகு சின்ன பிளாஸ்டிக் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தார். உள்ளே விரல் நீளத்தில் தலை வளைந்த இரண்டு இரும்பு ஆணி, மடித்த காகிதம் ஒன்று. “எல்லாம் இதுல போட்டிருக்குது ஆயா. வீட்ல படிச்சவங்க யார்கிட்டனா குடுங்க” என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ‘படிச்சவங்க’ என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. உபரி ஆணியாக இருக்கும் என்று பொட்டலத்தைச் சுருக்குப்பைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்தேன்.

சீர் கொண்டுபோன அன்றைக்குத் தொட்டிலுக்கு மாலை போட்டு, குட்டியானை வண்டியில் ஏற்றி, விழுப்புரத்தில் அந்தத் தெரு முனையிலேயே இறக்கி எல்லோரும் பார்க்க ஊர்வலமாகக் கொண்டுபோனேன். கூடத்தில் வைத்ததும் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். கிளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கள் மரத்து இலவம்பஞ்சில் நானே அடைத்த மெத்தையும் இரண்டு பக்கத்துக்கு இரண்டு திண்டும் போட்டேன். என் வாழ்நாளில் அந்த அரைமணி நேரம் மாதிரி நான் நிமிர்ந்து நின்றதில்லை.

சம்பந்தியம்மாள் தொட்டிலைச் சுற்றி வந்து பார்த்தார். “ரொம்ப அழகா இருக்குங்க சம்மந்தி. கொஞ்சம் சாயற மாதிரி தெரியுதே. இதோட பேப்பர் ஏதாவது குடுத்தாங்களா? நீங்க படிச்சுப் பாத்தீங்களா?”

பதினைந்து பேர் இருந்த கூடம். படித்துப் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்கிறார்.

“பேப்பரும் இல்ல, கீப்பரும் இல்ல. தொட்டில் ஆட்டறதுக்கு எந்தக் காலேஜ்ல சம்மந்தி சொல்லித் தர்றாங்க?” என்றேன்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன். பொட்டலம் என் இடுப்பில்தான் இருந்தது.

சிரிக்காதவள் என் பெண் ஒருத்திதான். “நான் சொன்னது இது இல்லியே பெரிம்மா” என்று காதோடு சொன்னாள். நாலு பேர் முன்னாடி சீரைக் குத்தம் சொல்லாதே என்று அவள் வாயையும் அடைத்தேன்.

பிறகு தனியாக அழைத்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தால் நான் பொய் சொன்னது தெரிந்துவிடுமே.

அவள் திண்டு இரண்டையும் எடுத்து பீரோ மேல் போட்டுவிட்டு, தான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பிள்ளையைத் தொட்டிலில் விட்டாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இரண்டு மாசம் அப்படிப் போனது. லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது, ஒத்தாசைக்கு நான் பதினைந்து நாள் விழுப்புரம் போனேன். அவள் படி இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, பீரோ மேலிருந்து திண்டு இரண்டையும் எடுத்துத் தொட்டிலில் போட்டதுதான். பிள்ளை அப்போதுதான் புரளப் பழகியிருந்தான். மரம் இடிக்குமே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். பால் குடித்த பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டினேன். தூங்கிவிட்டான். சம்பந்தியம்மாள் துணி பக்கெட்டோடு மாடிக்குப் போகிறவர், “பாத்துக்கறீங்களா சம்மந்தி?” என்றார். “நான் பாத்துக்காத?” என்றேன். பின்கட்டில் உட்கார்ந்து கடலை உருண்டை பிடிக்க மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். தோல் நொறுங்குகிற சத்தம்தான் வீடு முழுக்க.

அவர் இறங்கி வந்தார். “சம்மந்தி, புள்ள சத்தமே காணோமே?”

“தூங்கறான். தொட்டில் அப்படி” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“எதுக்கும் பாத்துட்டு வர்றேன்.”

அடுத்து எனக்குக் கேட்டது பக்கெட் தரையில் விழுந்த சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. பிள்ளை புரண்டிருக்கிறான். அவன் கனம் ஒரு பக்கம் போனதும் தொட்டிலும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த தொட்டிலில் அவனால் திரும்பி வர முடியவில்லை. நான் அடைத்த பஞ்சுத் திண்டுக்குள் முகம் புதைந்திருந்தது. அவர் வாரி எடுத்தபோது உதடு நாவல்பழத் தோல் நிறத்தில் இருந்தது. கை தொங்கியது.

அந்த அம்மாள் அலறவில்லை. பிள்ளையைக் கவிழ்த்து முதுகில் தட்டினார். தரையில் கிடத்தி, அவன் மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, சின்னச் சின்னதாக ஊதினார். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஏதோ பயிற்சியில் கற்றுக்கொண்டதாம். ஊதுவார், பார்ப்பார், மறுபடி ஊதுவார். நான் கையில் மல்லாட்டைத் தோலோடு நின்றுகொண்டிருந்தேன். எத்தனை பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருக்கிறேன், எத்தனை பேருக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுமே இல்லை.

பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. “ஜல்தி, ஆட்டோ!” என்று அவர் கத்திய பிறகுதான் என் கால் நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். என் பெண் ஆபீஸ் அட்டை கழுத்தில் ஆட ஓடி வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக மாமியாரிடம் போனாள்.

“உங்கள நம்பித்தான அத்த விட்டுட்டுப் போனேன்? மாடில அப்படி இன்னா வேல உங்களுக்கு?”

கீழே உன் பெரியம்மாதான் இருந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை உயிரை மீட்டுக் கொடுத்தவர் குனிந்து நிற்கிறார், நான் பக்கத்தில் பேசாமல் நிற்கிறேன்.

கொஞ்சம் கழித்து டாக்டர் வந்து விசாரித்தார். ஆடுகிற தொட்டில் என்று சொன்னதும், “அத ஆடாம நிறுத்த ரெண்டு பின் குடுப்பாங்களே, போடலையா?” என்றார்.

“அந்த மாதிரி எதுவும் வரலைங்க டாக்டர்” என்றார் மாப்பிள்ளை.

என் கை தானாக இடுப்புக்குப் போனது. துணிக்குமேலேயே தட்டுப்பட்டது. இரண்டும் இருந்தன.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. என் பெண் மாமியாரோடு பேசாமல் இருந்தாள், மாமியார் கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை. இரண்டு நாளும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னை மட்டும், “நீ சாப்பிட்டியா பெரிம்மா?” என்று கேட்டாள். அந்தச் சோற்றை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் வராந்தாக் கோடியில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தேன். மேலே இங்கிலீஷ். கீழே தமிழ், நாலே வரி. விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். குழந்தையைத் தனியே விடும்போது இரண்டு பக்க ஓட்டையிலும் ஆணியைச் செருகி, தொட்டில் ஆடாமல் நிறுத்த வேண்டும். தலையணை, மெத்துமெத்தென்ற படுக்கை கூடாது. குழந்தை புரளத் தொடங்கினால் இந்தத் தொட்டிலை உபயோகிக்கக் கூடாது. படித்து முடிக்க எனக்கு அரைமணி ஆனது. அந்த அரைமணி சீர் அன்றைக்கும் என்னிடம் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாசமும் இருந்தது.

எழுந்துபோய், மாமியார் மருமகள் இரண்டு பேரும் இருக்கும்போதே பையை அவிழ்த்து, ஆணிகளை என் பெண் கையில் வைத்தேன்.

“இது என் பையிலதான் இருந்துச்சு. மொத நாள்லேர்ந்து. திண்டு எடுத்துப் போட்டதும் நான்தான். உங்க அத்த மேல தப்பு இல்ல.”

அவள் காகிதத்தைப் படித்தாள். அவளுக்கு ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. மடித்தாள். “தெரிஞ்சேவா பெரிம்மா?” என்றாள்.

“ஆணி எதுக்குன்னு தெரியாது. பேப்பர் இருக்குதுன்னு தெரியும்.”

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. எழுந்து உள்ளே பிள்ளையிடம் போய்விட்டாள். சம்பந்தியம்மாள்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நானும் அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது சம்மந்தி” என்றார். அவர் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

எட்டாம் நாள் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அடுத்த வாரம் தொட்டில் என் வாசலில் வந்து இறங்கியது. கொடுத்த சீர் திரும்பி வருவது எங்கள் ஊரில் யாருக்கும் நடந்ததில்லை. கேட்டவர்களுக்கு நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அவனுக்கு இப்போது மூன்று வயசு முடிந்துவிட்டது. நடக்கிறான், ஓடுகிறான், சிரிக்கிறான். பேச்சு மட்டும் வரவில்லை. அன்றைக்கு மூச்சு நின்றதால்தானா என்று டாக்டரைக் கேட்டோம். உறுதியாகச் சொல்ல முடியாது, சில பிள்ளைகள் தாமதமாகப் பேசும் என்கிறார். வாராவாரம் பயிற்சிக்கு அழைத்துப் போகிறார்கள். என் பெண் என்னை ஒரு குறையும் சொன்னதில்லை. பொங்கலுக்குப் புடவை எடுத்துத் தருகிறாள். ஆனால் நான் போயிருக்கும்போது, குளிக்கப் போனாலும் பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள். அது நியாயம்தான்.

அந்த மாதிரி வெள்ளைக் கட்டில் ஒன்றை அவர்களே வாங்கிவிட்டார்கள். நான் ஜெயில் என்று சொன்னதேதான். போன வருஷம் வரைக்கும் அதில்தான் தூங்கினான். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் முதல்முதலாக எழுந்து நின்றானாம். நான் பார்க்கவில்லை. போனில் படம் அனுப்பினார்கள்.

சென்ற ஆவணியில் ஒரு வேலையாகத் திண்டிவனம் போனபோது அந்தக் கடைக்குள் நுழைந்தேன். அதே கடைக்காரர். ஒரு குடும்பம் தொட்டில் பார்த்துக்கொண்டிருந்தது. நிறைமாசமாக ஒரு பெண், கூடவே அவள் அம்மா. என்னுடையது போலவே கிளி வைத்த தொட்டில். கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் போய்த் தொட்டிலில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன்.

“ஐயய்யோ, காலித் தொட்டில ஆட்டறீங்களே, உங்களுக்கு இன்னா கேடு?” என்று அந்த அம்மாள் பாய்ந்து வந்தாள்.

“எனுக்கு வந்த கேடு போதும்மா. நீ நல்லா பாரு” என்றேன். எல்லோரும் பார்க்கும்படி இன்னும் இரண்டு தரம் ஆட்டினேன். ஒரு பக்கம் என் கையை வைத்து அழுத்தி, அது எப்படிச் சாய்ந்து நிற்கிறது என்று காட்டினேன். “அந்த ஆணிய எடுய்யா” என்றேன். கடைக்காரர் எடுத்து இரண்டு பக்கமும் செருகினார். தொட்டில் நின்றது. கூடவே அந்த வெள்ளைக் கட்டிலையும் அவர்களுக்குக் காட்டச் சொன்னேன். அவர்கள் எதை வாங்கினார்கள் என்று தெரியாது. அந்த அம்மாள் நான் வெளியே போகும்வரை திட்டிக்கொண்டுதான் இருந்தாள். திட்டட்டும்.

என் தொட்டில் இன்னும் என் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவும் மனசில்லை, உடைக்கவும் மனசில்லை. ஆணி இரண்டையும் நானே செருகி வைத்திருக்கிறேன். எத்தனை காற்று அடித்தாலும் அது அசையாது. விழுப்புரத்திலிருந்து போன் வரும்போதெல்லாம் அதைப் பார்த்தபடிதான் பேசுகிறேன், அவன் வாயிலிருந்து ‘ஆயா’ என்று ஒரு வார்த்தை என்றைக்காவது வருமா என்று கேட்டுக்கொண்டே.